கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்: பாகான் ஆஜாம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த் பாகான் ஆஜாம் கடற்கரையில் இருபது முப்பது பேர் கூடிக் குப்பை பொறுக்குகிறோம். பாதிப் பேர் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், மீதி அவர்களை மோட்டாரில் ஏற்றி வரும் அப்பா அம்மாக்கள். பொறுக்குவது ஒன்றரை மணி நேரம். அப்புறம் தே தாரிக் கடையில் நடக்கும் பேச்சு இரண்டு மணி நேரம். அங்கே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களுக்கு வாட்சாப்பில் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, நான் குப்பையத் தொட்டியிலதான் போடறேன். அப்புறம் அது எப்படிக் கடலுக்குப் போகும்?

நீங்கள் போட்டது போகாமல் இருக்கலாம். ஆனால் மூடி இல்லாத தொட்டி, அதைக் கிளறும் நாயும் காக்கையும், சாயங்காலம் கொட்டும் மழை மூன்றும் சேர்ந்தால் போதும். பை பிய்ந்து லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விழும், லோங்காங் ஆற்றில் சேரும். பினாங்குத் தீவில், முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் ஓடும் ஆயிர் தெர்ஜுன் ஆறு சுங்கை பினாங்கில் கலக்கிறது. சுங்கை பினாங்கு நேரே நீரிணையில் விழுகிறது. மலையடியில் கைநழுவிய ஒரு பிளாஸ்டிக் கப் கடலைப் பார்க்க ஒரு நல்ல மழை போதும்.

தொட்டியிலிருந்து ஒழுங்காக எடுத்துப் போனதும் கடலிலிருந்து வெகுதூரம் போய்விடுவதில்லை. தீவின் குப்பை பத்து மவுங் இடைமாற்று நிலையம் வழியாகப் பெருநிலத்துக்கு வந்து, நிபோங் தெபால் பக்கம் புலாவ் புரோங் கிடங்கில் கொட்டப்படுகிறது. 2022 ஜனவரியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததே, அதே கிடங்குதான். அதுவும் கடலோரத்தை ஒட்டிய இடம்.

'மக்கும் பை'னு அச்சடிச்சுக் கொடுக்கறாங்களே, அது கடல்ல கரைஞ்சிடாதா?

கரையாது. இந்தப் பெயரில் இரண்டு சாதிப் பைகள் உலவுகின்றன. ஒன்று, சாதாரண பிளாஸ்டிக்கில் ஒரு மருந்தைக் கலந்து வெயிலில் பொடிந்துபோகும்படி செய்தது. அது பொடியும், மக்காது. கண்ணில் பட்டால் பொறுக்கிவிடலாம் என்றிருந்த ஒரு பை, பொறுக்கவே முடியாத ஆயிரம் துணுக்காகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையை 2019-ல் சட்டம் போட்டே தடை செய்தது.

இன்னொன்று மரவள்ளி, சோளம் போன்றவற்றின் மாவிலிருந்து செய்வது. அதில் பல வகை மக்க வேண்டுமானால் தொழிற்சாலை அளவிலான உரக்கிடங்கின் சூடு வேண்டும். கடல் தண்ணீரில் அந்தச் சூடு கிடையாது. வாழையிலை மட்டும்தான் எந்தச் சான்றிதழும் இல்லாமல் மக்குகிறது.

பிரிச்சுப் போடுங்கன்னு சொல்றீங்க. லாரிக்காரன் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி ஏத்திட்டுப் போறான். பிரிச்சு என்ன புண்ணியம்?

இந்தக் கோபம் நியாயமானது. எங்கள் அடுக்குமாடியில் ஒரு வருடம் மூன்று நிறத் தொட்டி வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பிரித்தோம். குத்தகைக்காரரின் ஆள் மூன்றையும் ஒரே லாரியில் கவிழ்த்ததை நான்காம் மாடியிலிருந்து நானே பார்த்தேன். அன்றைக்கு மாலை சமைக்கக்கூட மனம் வரவில்லை. பிறகு சனிக்கிழமைதோறும் வரும் பழைய பேப்பர் லாரிக்காரரிடம் பேசி, போத்தல், டின், அட்டை எல்லாவற்றையும் நேராக அவருக்கே கொடுத்துவிடுகிறோம். அவர் கிலோவுக்குக் காசு தருகிறார். காசு தருகிறவர் கலக்கமாட்டார்.

மலேசியாவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு நிர்வாகச் சட்டத்தை, அதாவது 672-ஆம் சட்டத்தை, கோலாலம்பூர், ஜொகூர், கெடா போன்றவை ஏற்றன. பினாங்கும் சிலாங்கூரும் பேராக்கும் ஏற்கவில்லை. பினாங்கு தன் இரண்டு மாநகராண்மைக் கழகங்கள் வழியாகவே குப்பையைப் பார்த்துக்கொள்கிறது. வீட்டிலேயே பிரிப்பதை 2016 ஜூனில் கட்டாயமாக்கியது. ஆகவே கோலாலம்பூர்த் தங்கை சொல்லும் முறை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

எண்ணிக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். உலக வங்கி 2021-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, மலேசியாவில் முக்கிய பிளாஸ்டிக் வகைகளில் 2019-ஆம் ஆண்டு 24 விழுக்காடுதான் மீள்சுழற்சிக்குப் போனது. அந்தப் பிளாஸ்டிக்கின் பொருள் மதிப்பில் 81 விழுக்காடு வீணானது. போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1, 2, 5 ஆகியவற்றுக்கு வாங்க ஆள் உண்டு. பிஸ்கட் உறை, மிளகாய்த்தூள் பாக்கெட், மூணு நாலு படலம் ஒட்டிய ஷாம்பு பாக்கெட் இவற்றை யாரும் வாங்கமாட்டார்கள்.

'சுழல் பொருளாதாரம்'னு பேப்பர்ல போடறாங்க. ரிசைக்கிளுக்கு வச்ச புதுப் பேரா?

இல்லை. ரிசைக்கிள் அதில் கடைசிப் படி. முதல் படி, குப்பையாகாதபடி பொருளைச் செய்வது. இரண்டாவது, ஒரே பொருளைப் பலமுறை பயன்படுத்துவது. அது முடியாதபோதுதான் உருக்கி மறுபடி செய்வது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சின்ன வயதில் சோடா குடித்துவிட்டுக் கண்ணாடிப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும். அந்தக் காசுக்கு இன்னொரு மிட்டாய். தெருவில் கிடக்கும் போத்தலைப் பொறுக்க எங்களுக்குள் சண்டையே வரும். என் அப்பா நாசி கண்டார் சோறு வாங்கப் போகும்போது அடுக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு போவார். இப்போது அதே ஏற்பாட்டைச் சட்டமாகப் போடுகிறார்கள். சிங்கப்பூரில் 2026 ஏப்ரல் முதல் பானப் போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு வைப்புத்தொகை என்று அறிவித்தார்கள். போத்தலைத் திருப்பினால் காசு திரும்பும்.

மலேசிய அரசும் திடக்கழிவுக்கான சுழல் பொருளாதாரத் திட்ட வரைவு ஒன்றை 2024-ல் வெளியிட்டது. காலம் 2025 முதல் 2035 வரை. திட்டம் போடுவதில் நமக்குக் குறையே கிடையாது. ஒருமுறைப் பிளாஸ்டிக்கை ஒழிக்க 2018 முதல் 2030 வரை ஒன்று, கடல் குப்பைக்கு 2021 முதல் 2030 வரை ஒன்று என்று ஏற்கெனவே இருக்கின்றன.

பைக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) வாங்கறாங்க. கடல் சுத்தமாச்சா?

பைகள் குறைந்திருக்கின்றன. நாங்கள் பொறுக்கும்போதே தெரிகிறது, பையைவிட போத்தல் மூடியும் உணவுப் பொட்டலமும்தான் அதிகம். பினாங்கு இதில் முன்னோடி. 2009-ல் திங்கட்கிழமை மட்டும் இலவசப் பை இல்லை என்று தொடங்கி, 2011-ல் எல்லா நாளும் 20 காசு ஆக்கினார்கள். 2021-ல் திங்கள் முதல் புதன்வரை பையே கிடையாது, மற்ற நாள் ஒரு வெள்ளி என்று இறுக்கினார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'துணிப் பை' என்று சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் அந்த மொறமொற பையும் பிளாஸ்டிக்தான், பாலிப்ரொப்பிலீன். அதை வாராவாரம் புதிதாக வாங்கிக்கொண்டிருந்தால் முன்பைவிட அதிக பிளாஸ்டிக் சேரும். என் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பதினேழு தொங்குகின்றன. சொல்லவே வெட்கமாகத்தான் இருக்கிறது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர் பந்தல் போடறோம். கப் இல்லாம லட்சம் பேருக்கு எப்படிக் கொடுக்கறது?

ஒவ்வொரு ஜனவரியும் இந்தக் கேள்வி வரும், கொஞ்சம் சூடாகவே வரும். மோர் கொடுப்பவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அந்தப் பந்தலில் நின்று குடித்தவள்தான். ஆனால் முதல் கேள்வியில் சொன்ன ஆற்றை நினைத்துப் பாருங்கள். ரதம் போகும் பாதை, தண்ணீர்மலை அடிவாரம் எல்லாம் அதே வடிகால்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு பந்தலில் இப்படிச் செய்தோம். முந்நூறு எவர்சில்வர் டம்ளர், மூன்று பெரிய வாளி, கழுவ ஆறு பேர். சொந்த டம்ளர் கொண்டு வருகிறவர்களுக்குத் தனி வரிசை. அந்த வரிசை வேகமாகப் போவதைப் பார்த்துப் பிற்பகலில் எதிர்க்கடையில் டம்ளர் விற்றுத் தீர்ந்துவிட்டது. கழுவ ஆள் குறைந்தபோது சாயங்காலம் காகிதக் கப்புக்கு மாறினோம், மறைக்க என்ன இருக்கிறது. காகிதக் கப்பின் உள்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுதான். பெரிய பந்தல்களுக்கு வாடகைப் பாத்திரமும் கழுவுமிடமும் கோயில் நிர்வாகமும் மாநகராண்மைக் கழகமும் சேர்ந்து ஏற்பாடு செய்தால்தான் நடக்கும்.

எப்பப் பார்த்தாலும் பொதுமக்களையே சொல்றீங்க. பாக்கெட்ல போட்டு விக்கறவனை யாரு கேக்கறது?

கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், அண்டை நாடுகளில் நம்மைவிடச் சீக்கிரமாக. உறையில் அடைத்து விற்கும் நிறுவனமே அந்த உறையைத் திரும்பச் சேகரிக்கும் செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் அந்த விதி. 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று எழுதுகிறார்கள். நான் 'விற்றவனே வாருவது' என்பேன். பிலிப்பீன்ஸ் 2022-ல் சட்டமாக்கியது. பெரிய நிறுவனங்கள் தாங்கள் சந்தையில் விட்ட பிளாஸ்டிக் உறையில் 2023-க்கு 20 விழுக்காட்டைத் திரும்ப எடுக்க வேண்டும், படிப்படியாக ஏறி 2028-ல் 80 விழுக்காடு. வியட்நாமில் 2024 ஜனவரி முதல் கட்டாயம். மலேசியாவில் 2021-ல் சில பெரிய நிறுவனங்கள் கூட்டணி அமைத்துத் தாமாகச் செய்யத் தொடங்கின.

தாமாகச் செய்வதில் ஒரு சிக்கல். செய்கிற நிறுவனத்துக்குச் செலவு, செய்யாத நிறுவனத்துக்கு லாபம். சட்டம் வந்தால் இருவருக்கும் ஒரே செலவு. அதோடு, முன்னே சொன்ன ஷாம்பு பாக்கெட்டுக்கு அதிகக் கட்டணம், ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த போத்தலுக்குக் குறைந்த கட்டணம் என்று வைத்தால், நிறுவனமே பொட்டலத்தை மாற்றி வடிவமைக்கும். என்னைக் கேட்டால் கரையில் ஆயிரம் ஞாயிறு பொறுக்குவதைவிட இந்த ஒரு விதி அதிகம் செய்யும். 2020-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஆறு ஆசிய நாடுகளை ஒப்பிட்டபோது, ஆளுக்கு ஆண்டுக்கு 16.78 கிலோ பிளாஸ்டிக் உறை என்று மலேசியாதான் முதலிடத்தில் நின்றது. சீனாவும் இந்தோனேசியாவும் அந்தப் பட்டியலில் இருந்தன என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

வெள்ளைக்காரன் குப்பை நம்ம துறைமுகத்துல வந்து இறங்குச்சாமே, நிஜமா?

நிஜம். உலகின் பிளாஸ்டிக் கழிவை வாங்கிக்கொண்டிருந்த சீனா 2018 ஜனவரியிலிருந்து கதவைச் சாத்தியது. போக இடமில்லாத கழிவு தென்கிழக்காசியாவுக்குத் திரும்பியது. அந்த ஒரே ஆண்டில் மலேசியாவுக்கு 8 லட்சம் டன்னுக்கு மேல் வந்தது. சிலாங்கூர் ஜெஞ்சாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. நமக்குப் பக்கத்திலேயே சுங்கை பட்டாணியில் ராத்திரியில் எரித்தார்கள், அந்த ஊர் உறவினர்கள் ஜன்னலைத் திறக்க முடியாமல் தவித்தார்கள்.

2020 ஜனவரியில் அப்போதைய அமைச்சர் இயோ பீ யின் பட்டர்வொர்த்தில் வைத்து ஓர் அறிவிப்புச் செய்தார். 150 கொள்கலன்கள், 3,700 டன்னுக்கு மேல், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அதிகம் போனது பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும். நாம் பொறுக்கும் கரையிலிருந்து அந்தத் துறைமுகம் கூப்பிடு தூரம்.

அப்ப இறக்குமதியை ஒரேயடியா நிறுத்திட்டாப் போதுமே?

இங்கேதான் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு ஏன் வேண்டும் என்பது புரியும். சீனா மூடியதும் மலேசியாவுக்கு வந்தது. மலேசியா கெடுபிடி செய்ததும் தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் பக்கம் நகர்ந்தது. வேலி இல்லாத தோட்டத்தைத் தேடிப் போகும் ஆடு மாதிரி. ஒரு நாடு மட்டும் மூடினால் குப்பை முகவரியை மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் 2019-ல் செய்த திருத்தம் 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. கலப்படமான, அழுக்கான பிளாஸ்டிக்கை அனுப்ப வாங்கும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. தாய்லாந்து 2025 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியையே தடை செய்தது. மலேசியா 2025 ஜூலையிலிருந்து, பாசல் உறுப்பு நாடுகளிலிருந்து மட்டும், தர நிர்ணய அமைப்பான சிரிமின் ஒப்புதலோடு என்று சுருக்கியது. அமெரிக்கா உறுப்பு நாடு இல்லாததால் அங்கிருந்து வருவது அடைபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2026 நவம்பரிலிருந்து நம்மைப் போன்ற நாடுகளுக்கு அனுப்புவதை நிறுத்துவதாகச் சட்டம் செய்திருக்கிறது. தேதிகளைப் பாருங்கள், ஆளுக்கொரு பக்கம் மூடுகிறார்கள். இடையில் இருக்கும் மாதங்களில்தான் கொள்கலன் நுழையும்.

சரி, ஆலைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உள்ளூர் பிளாஸ்டிக் மீன் குழம்பும் சம்பலும் ஒட்டிக்கொண்டு வருகிறது, சுத்தமானது கிடைக்காததால் வெளியே வாங்குகிறோம் என்கிறார்கள். பொய்யில்லை. பிரிப்பது பற்றிய கேள்வியில் சொன்ன 24 விழுக்காடு உயராமல் இந்தப் புகார் தீராது. வைப்புத்தொகை முறை வந்தால் கழுவிய போத்தல் தானாகவே ஆலைக்குப் போய்ச் சேரும்.

நம்ம கரையில ஒதுங்கறது எல்லாம் தாய்லாந்து, இந்தோனேசியா பாக்கெட்டா இருக்கே. நம்ம எதுக்கு மெனக்கெடணும்?

கொஞ்சம் பொறுங்கள். இந்தோனேசிய மீ பாக்கெட்டும் தாய்லாந்து பானமும் நம் பசார் மாலாம் இரவுச் சந்தையிலேயே விற்கிறது. எழுத்தைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. சில உண்மையிலேயே அங்கிருந்து மிதந்து வருகின்றன, மறுக்கவில்லை.

ஆனால் மலாக்கா நீரிணையின் நீர் பொதுவாக வடமேற்காக, அந்தமான் கடல் பக்கம் நகர்கிறது. சிலாங்கூரில் விழுந்தது நம்மைத் தாண்டிப் போகும், நம்முடையது லங்காவியையும் தாய்லாந்தையும் தாண்டிப் போகும். அந்தப் பக்கம் வங்காள விரிகுடா. தாத்தா தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்த அதே வழியில் நம் போத்தல் மூடி எதிர்த்திசையில் போகிறது. 2021-ல் வந்த ஓர் ஆய்வுக் கணக்கில், ஆறுகள் வழியாகக் கடலுக்குப் பிளாஸ்டிக் விடும் நாடுகளில் பிலிப்பீன்சுக்கும் இந்தியாவுக்கும் அடுத்து மூன்றாவதாக நிற்பது மலேசியா. மாதிரி வைத்துப் போட்ட கணக்குதான், முன்பின் இருக்கலாம். ஆனாலும் விரல் நீட்டும் இடத்தில் நாம் இல்லை.

ஆசியான் கூடிக் கூடிப் பேசுது. என்னதான் கிழிச்சாங்க?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானிலிருந்து 2019 ஜூனில் பாங்காக்கில் கடல் குப்பைக்கு எதிரான பிரகடனம் வந்தது. 2021-ல், 2025 வரைக்குமான வட்டாரச் செயல்திட்டம், 14 செயல்கள். அதே ஆண்டு சுழல் பொருளாதாரத்துக்கு ஒரு சட்டகம். எதிலும் தண்டனை கிடையாது. ஆசியானில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி எழுத முடியும். எழுதிய வரியை மீறினாலும் ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நுழைந்து கேட்கமாட்டார்.

அதனால் வீண் என்று சொல்லிவிட முடியாது. எதை எப்படி எண்ணுவது, மறுசுழற்சிப் பிளாஸ்டிக்குக்கு என்ன தரம், உறையில் என்ன குறி போடுவது என்ற சலிப்பான விஷயங்களை ஒன்றாக்க அங்கேதான் முடியும். ஒரே பானத்தை நான்கு நாட்டில் விற்கும் நிறுவனத்துக்கு நான்கு விதி இருந்தால், எது தளர்வோ அதற்கேற்பப் போத்தல் செய்யும். 'விற்றவனே வாருவது' பிலிப்பீன்சில் ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி என்று இருக்கும்வரை அந்த ஓட்டை அடைபடாது. எனக்கு ஆசியானிடம் உள்ள குறை அது மெதுவானது என்பதல்ல. குப்பைக் கடத்தலைப் பற்றிய தகவலைச் சுங்கத்துறைகள் நாளுக்கு நாள் பகிர்ந்துகொள்வதை முதல் வேலையாக வைக்கவில்லை என்பதுதான்.

உலக ஒப்பந்தம் வருதுன்னாங்களே?

2022 மார்ச்சில் ஐ.நா. சுற்றுச்சூழல் மன்றம் தீர்மானம் போட்டது. 2024 இறுதியில் தென்கொரியாவின் பூசானில் முடித்துவிடுவதாக இருந்தார்கள், முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடு இல்லாமல் கலைந்தார்கள். பிளாஸ்டிக் உற்பத்தியின் அளவையே குறைக்க வேண்டுமா, கழிவை மட்டும் கையாண்டால் போதுமா என்பதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். எண்ணெய் விற்கும் நாடுகள் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கப்பல்காரனும் மீன்காரனும் போடறது கணக்கில்லையா?

கணக்குண்டு. கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவதை, கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988-லிருந்தே தடை செய்கிறது. நடுக்கடலில் யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. துறைமுகத்தில் குப்பையை இறக்கத் தனிக் கட்டணம் வாங்கினால் கடலில் போடத்தான் தோன்றும். ஆகவே அதைத் துறைமுகக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

கிழிந்த வலை ஆளில்லாமலே வருடக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் தெலுக் பாஹாங்கிலும் பத்து மவுங்கிலும் உள்ள சிறு மீனவர்களைத் திட்டாதீர்கள். வலை அவர்களுக்கு முதல், வேண்டுமென்று விடமாட்டார்கள். படகின் இயந்திர விசிறியில் பிளாஸ்டிக் சுற்றி நடுக்கடலில் நிற்பதும் அவர்கள்தான்.

மீன் சாப்பிடலாமா, கூடாதா?

சாப்பிடலாம், நான் சாப்பிடுகிறேன். நுண்பிளாஸ்டிக் பெரும்பாலும் மீனின் குடலில் தங்கும், குடலை எடுத்துவிடுகிறோம். நெத்திலியையும் கெராங் சிப்பியையும் முழுதாகச் சாப்பிடுவதால் அதில் கொஞ்சம் உள்ளே போகலாம். உடம்புக்கு அது எவ்வளவு கெடுதல் என்று அறிவியல் இன்னும் அளந்து முடிக்கவில்லை. சூடான குழம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதை முதலில் நிறுத்துங்கள், அது நம் கையில் இருக்கிறது.

இவ்வளவும் சட்டத்துலதான் இருக்குன்னா, நாங்க ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டு எதுக்கு வரணும்?

எண்ணுவதற்கு. பொறுக்கியதை மூட்டை கட்டி எடை போட்டுப் படம் எடுப்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. மூடி எத்தனை, போத்தல் எத்தனை, எந்த நிறுவனத்தின் உறை, உறையில் எந்த மொழி என்று தாளில் குறிக்கிறோம். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய துப்புரவு இயக்கமும் இப்படி எண்ணித்தான் வளர்ந்தது. 'விற்றவனே வாருவது' சட்டமாகும்போது, எந்த உறை அதிகம் ஒதுங்குகிறது என்று காட்ட நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும். தாய்லாந்துப் பாக்கெட் பற்றிய சண்டைக்கும் அதே தாள்தான் பதில் சொல்லும்.

காலை ஏழரைக்கு வந்துவிடுங்கள், எட்டரைக்குமேல் வெயில் தாங்காது. கையுறை, தொப்பி, சொந்தத் தண்ணீர்ப் போத்தல். எழுதுவதற்குப் பென்சில் கொண்டுவாருங்கள், பேனா வேண்டாம். போன மாதம் மழையில் மை கரைந்து ஒரு பக்கக் கணக்கு போய்விட்டது.